கிளாஸ்கோ நகரின் பெருமிதம்

பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டினை ஆராய்ந்த தொல்காப்பியனார் அது பிறக்கும் களங்களை நான்காக வகுத்தார். கல்வி ஒன்று; அஞ்சாமையாகிய தறுகண் ஒன்று; புகழாகிய இசைமை ஒன்று; கொடை ஒன்று. இந்நான்கும் ஒருவன் தானே முயன்று ஈட்டுபவை. தான் கற்றதனால் ஒருவன் தலைநிமிர்கிறான். தான் அஞ்சாது நின்றதனால் நிமிர்கிறான். தன் புகழாலும் தன் ஈகையாலும் நிமிர்கிறான். ஆனால் பிறன் கற்ற வித்தையினாலும் பிறன் காட்டிய வீரத்தினாலும் ஒருவன் பெருமிதம் கொள்ளலாமோ? இலக்கணம் நேரே விடை கூறாத வினா இது.

இவ்வினாவை இன்றைய உலகில் வாரந்தோறும் எழுப்பிக்கொண்டிருப்பவன் உதைபந்தாட்ட இரசிகன். அவன் பந்தை உதைப்பதில்லை. மழையிலும் பனியிலும் கல்லாசனத்தில் நின்று தொண்டை கட்டுமளவும் கத்துகிறான். பிறகு வீட்டுக்குப் போகிறான். மறுநாள் தொழிற்சாலை வாசலில் நண்பனைக் கண்டதும் அவன் சொல்லும் முதல் வார்த்தை, "நாங்கள் வென்றுவிட்டோம்" என்பது. "அவர்கள் வென்றார்கள்" என்று அவன் ஒருபோதும் சொல்வதில்லை. தன்மைப் பன்மையில் அவன் தன்னையும் உளப்படுத்திக்கொள்கிறான். எந்த உரிமையினால் அவ்வாறு உளப்படுத்துகிறான் என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

பொதுப்படப் பேசுவதைவிட ஒரு கழகத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது நலம். ஸ்கொட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகம் இதற்கு மிகவும் ஏற்றது. உலகின் மிகச் செல்வம் படைத்த கழகங்களுள் அது ஒன்றன்று. ஆயினும் ஒரு பள்ளி ஆசிரியரால் பசித்த பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பெற்று, ஐரோப்பா முழுவதற்கும் முதன்மை பெற்ற வரலாறு அதனுடையது. அதன் இரசிகர் கொள்ளும் பெருமிதத்தைத் தொல்காப்பியனார் வகுத்த நான்கு களங்களிலும் வைத்து உரைத்துப் பார்க்கலாம்.

கொடையிற் பிறந்த கழகம்

1845ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் பற்றியது. அந்நாட்டு ஏழைகளுக்கு அக்கிழங்கைத் தவிர வேறு உணவு பெரிதும் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் பத்து இலட்சம் அளவிலான மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். ஏறக்குறைய அதே அளவினர் கடல்கடந்து சென்றனர். அமெரிக்காவுக்குக் கப்பலேறப் பணமில்லாதோரிற் பலர் குறுகிய கடலைத் தாண்டிக் கிளாஸ்கோவிற் கரையேறினர். நெசவாலைகளும் இரும்பு உலைகளும் கப்பல் கட்டும் துறைகளும் நிறைந்த அந்நகரின் கிழக்குப் பகுதியில், ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக அவர்கள் நெருங்கி வாழ்ந்தனர். அவர்கள் கத்தோலிக்கர், அந்நகரத்தாரிற் பெரும்பாலார் புரட்டஸ்தாந்து மதத்தினர். குறைந்த கூலிக்கு வேலைக்கு வந்த அந்நியர் என்ற வெறுப்பும், வேற்று மதத்தினர் என்ற வெறுப்பும் ஒன்றாகக் கலந்து அவர்கள்மேல் விழுந்தன.

இம்மக்களின் நடுவே அன்றூ கெரின்ஸ் என்பவர் வாழ்ந்தார். அவர் 1840இல் அயர்லாந்தின் சிலைகோ மாவட்டத்துப் பலிமோட் என்னும் ஊரிற் பிறந்தவர்; இளமையிலேயே கிளாஸ்கோவுக்கு வந்தவர்; மரிஸ்ட் சகோதரர் சபையிற் சேர்ந்து சகோதரர் வோல்ஃப்ரிட் என்ற பெயர் பூண்டவர். திரு இருதயப் பள்ளியின் தலைமையாசிரியராக அவர் பணியாற்றியபோது, ஆசிரியர் பலரும் நன்கறிந்த ஓர் உண்மையை நாள்தோறும் கண்ணாற் கண்டார்: பசித்த வயிறுள்ள பிள்ளைக்குப் பாடம் ஏறாது. ஆகவே பள்ளியிலேயே மதிய உணவு அளிக்க ஏற்பாடு செய்தார். ஒரு பென்னி கொடுத்தாற் சாப்பாடு கிடைக்கும். அந்த ஒரு பென்னியும் இல்லாத வீடுகள் பல இருந்தமையால் நிதி வேண்டியிருந்தது.

1887ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்து அயர்லாந்தினரின் கழகமாகிய ஹைபேர்னியன் ஸ்கொட்லாந்துக் கிண்ணத்தை வென்றது. அவ்வெற்றியைக் கிளாஸ்கோவின் ஐரிஷ் மக்களும் கொண்டாடியதை வோல்ஃப்ரிட் கண்டார். உதைபந்தாட்டத்தைக் காண ஏழைகளும் காசு கொடுப்பர். அக்காசைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறிடலாம் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அவ்வாண்டு நவம்பர் 6ஆந் திகதி, கோல்டன் பகுதியிலுள்ள புனித மரியாள் ஆலய மண்டபத்திற் கூடிய கூட்டத்தில் செல்டிக் கழகம் தோன்றியது. 1888 மே 28ஆந் திகதி அது தன் முதலாட்டத்தை ஆடி ரேஞ்சர்ஸ் கழகத்தை ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. முதலாட்டத்தில் எதிர்நின்ற அக்கழகமே பின்னர் அதன் நிரந்தரப் பகைக் கழகமாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

முதல் மைதானத்தைத் திருத்தியமைத்தவர்கள் கூலி பெற்ற தொழிலாளர் அல்லர். பகலெல்லாம் ஆலைகளில் உழைத்தவர்கள் ஓய்வு நேரத்திற் கூலியின்றி மண் சுமந்தனர். 1892இற் புதிய மைதானத்துக்குக் கழகம் பெயர்ந்தது. பழைய இடம் ஒரு மயானத்தின் பக்கத்தே இருந்தது. மயானத்தை விட்டுச் சுவர்க்கம் புகுந்தாற்போல என்று அக்காலத்தில் ஒருவர் கூறிய வேடிக்கை நிலைத்துவிட்டது. இன்றும் அந்த அரங்கைச் 'சுவர்க்கம்' என்றே இரசிகர் அழைக்கின்றனர். இரசிகர் ஒருங்கு திரண்டு ஆட்டம் காணச் சென்ற முதற் சங்கங்கள் ஆலயங்களைச் சார்ந்து, மதுவிலக்கு இயக்கத்தின் பகுதியாகவே தோன்றின. குதிரை வண்டிகளில் தம் பங்கின் கொடியைத் தாங்கிக்கொண்டு அவர்கள் சென்றனர்.

ஆக, முதற் களமாகிய கொடையில் இரசிகனுக்குப் பங்கு உண்டா என்று கேட்டால், பங்கு மட்டுமன்று, முதலே அவனுடையது என்று விடை கூறலாம். வாசலிற் கொடுத்த காசு அவனுடையது; சுமந்த மண் அவன் சுமந்தது; உண்ட பிள்ளையும் அவன் பிள்ளையே.

ஆனால் வரலாறு இவ்வளவோடு நின்றுவிடவில்லை. 1892இல் வோல்ஃப்ரிட்டை அவருடைய சபை இலண்டனுக்கு மாற்றியது. 1893இற் சம்பளம் பெற்று ஆடும் முறையை ஸ்கொட்லாந்தின் ஆட்சிக்குழு ஏற்றுக்கொண்டது. 1897இற் செல்டிக் கழகம் வரையறுத்த கம்பனியாயிற்று. பங்குதாரருக்கு இலாபம் வந்தது. பிள்ளைகளின் சாப்பாட்டு மேசையோ மறக்கப்பட்டது. 1905 முதல் 1910 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் சம்பியன் பட்டம் பெற்ற கழகம் அதுவே. தான் பிறந்த காரணத்தைப் பின்தள்ளிய கழகமும் அதுவே. வெற்றி பெறும் ஸ்தாபனங்கள் அனைத்துக்கும் நேரும் விபத்து இது. தரும நோக்கத்தை ஸ்தாபனம் மறந்தபோதும் அதனை நினைவில் வைத்திருந்தவன் இரசிகனே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

சுரங்கத்திலிருந்து வந்த ஆசான்

இரண்டாவது களம் கல்வி. உதைபந்தாட்டத்திற் கல்விக்கு என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். ஜொக் ஸ்டீன் என்பவரின் வரலாற்றை அறிந்தோர் நகையார்.

ஸ்டீன் 1922இல் லனார்க்ஷயர் மாவட்டத்தில், சுரங்கத் தொழிலாளர் குடியிற் பிறந்தார். தாமும் நிலத்தடியில் இறங்கி நிலக்கரி வெட்டினார். வாரநாட்களிற் சுரங்கம், சனிக்கிழமைகளில் உதைபந்தாட்டம். 1951இற் செல்டிக்கிற் சேர்ந்து, 1954இல் அதன் தலைவராக நின்று சம்பியன் பட்டத்தையும் கிண்ணத்தையும் ஒரே ஆண்டில் வென்றார். கணுக்காலில் ஏற்பட்ட காயம் அவருடைய ஆட்டத்தை முடித்துவைத்தது. பின்னர் இளைஞர் அணிக்குப் பயிற்சி அளித்தார். அங்கு அவரிடம் கற்றவர்களுள் ஒருவர் பில்லி மக்நீல்.

அக்காலத்துப் பயிற்சி என்பது மைதானத்தைச் சுற்றி ஓடுவதாகவே இருந்தது. பந்தை அதிகம் காட்டாதிருந்தால் சனிக்கிழமை அதன்மேற் பசி உண்டாகும் என்ற விசித்திர நம்பிக்கையும் நிலவியது. ஸ்டீன் பந்தைக் கொண்டே பயிற்சி அளித்தார். ஓர் ஆட்டத்தை முன்கூட்டியே மனத்தில் வரைந்து, அதனை இளைஞருக்கு விளக்கினார். அவர் 1960இல் டன்ஃபேர்ம்லின் கழகத்தின் முகாமையாளராகச் சென்று, அடுத்த ஆண்டே அச்சிறு கழகத்தைக் கொண்டு ஸ்கொட்லாந்துக் கிண்ண இறுதியாட்டத்திற் செல்டிக்கையே தோற்கடித்தார். 1963இல் இத்தாலிக்குச் சென்று, இன்டர் மிலான் கழகத்தை நடத்திய ஹெலேனியோ ஹெரேராவின் பயிற்சி முறைகளை நேரிற் கண்டு கற்றார். நான்கு ஆண்டுகளின் பின் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் அந்த ஹெரேராவையே எதிர்க்கப் போவதாக அவர் அன்று கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

1965 மார்ச்சில் ஸ்டீன் முகாமையாளராகச் செல்டிக்குக்குத் திரும்பினார். அவர் புரட்டஸ்தாந்து மதத்தினர். கத்தோலிக்கர் நிறுவிய கழகத்துக்குக் கத்தோலிக்கரல்லாத ஒருவர் முகாமையாளரானது அதுவே முதன்முறை. தகுதியே முதன்மை என்று கொண்ட அம்முடிவின் பயன் விரைவிற் கிட்டியது. அவ்வாண்டு ஏப்ரலிற் கிண்ணம். 1966இற் சம்பியன் பட்டம். அதுமுதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் அப்பட்டம் செல்டிக்கிடமே தங்கியது.

அவர் எத்தகைய ஆசான் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். ஜிமி ஜோன்ஸ்டன் என்ற வலப்புற முன்கள வீரர் உருவத்தில் மிகச் சிறியவர். சுரங்கத் தொழிலாளியின் மகன். சிறுவயதிற் செல்டிக் மைதானத்திற் பந்து பொறுக்கிக் கொடுத்தவர். பந்து அவர் காலடியில் வந்தால் எதிரிகள் மூவர் சூழ்ந்தாலும் பறிக்க இயலாது. அத்தகையவருக்கு ஆகாய விமானம் என்றால் தாங்கொணாத அச்சம். 1968 நவம்பரிற் பெல்கிரேட் நகரத்துச் செஞ்சுடர் அணி கிளாஸ்கோவுக்கு ஆட வந்தது. இடைவேளையின்போது இரு தரப்பும் ஒவ்வொரு கோல் பெற்றுச் சமமாக நின்றன. நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால், பெல்கிரேட்டில் நடக்கும் அடுத்த ஆட்டத்துக்கு விமானத்தில் வரவேண்டியதில்லை என்று ஸ்டீன் ஜோன்ஸ்டனுக்கு வாக்களித்தார். ஆட்டம் ஐந்துக்கு ஒன்று என்று முடிந்தது. இரண்டு கோல்களை ஜோன்ஸ்டனே அடித்தார். மாணவனின் அச்சத்தையும் அவனுக்கு உதவும் கருவியாக்கத் தெரிந்தவனே நல்லாசிரியன்.

லிஸ்பனில் ஒரு மாலை

மூன்றாவது களம் தறுகண். அதற்குச் சான்று 1967 மே 25ஆந் திகதி.

அதுவரை ஐரோப்பியக் கிண்ணம் ஸ்பெயின், போர்த்துக்கல், இத்தாலி ஆகிய தென்னாடுகளைத் தாண்டியதில்லை. இன்டர் மிலான் 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அதனை வென்றிருந்தது. அவ்வணியின் முறை, ஒரு கோலைப் பெற்றபின் கோட்டைக் கதவைத் தாழிட்டு உள்ளே இருந்துவிடுவது. இத்தாலியர் அதனைத் தாழ்ப்பாள் என்னும் பொருள்படும் கட்டெனாச்சியோ என்ற சொல்லால் வழங்கினர். அந்தத் தாழைத் திறத்தல் அரிது என்று ஐரோப்பாவே நம்பியிருந்தது.

இக்கோட்டையின்முன் வந்து நின்ற செல்டிக் வீரர் பதினொருவரும் தங்கள் மைதானத்திலிருந்து 30 மைல் தூரத்துக்குள்ளே பிறந்தவர்கள். பந்துக் காப்பாளர் ரொனி சிம்சனுக்கு வயது முப்பத்தாறு. வீரர் சிலர் பொய்ப்பல் கட்டியவர்கள். ஆட்டத்தின்போது அப்பற்களைக் கழற்றி, சிம்சனின் தொப்பிக்குள் இட்டுக் கோல் வலையின் ஓரத்தில் வைத்தனர். வென்றாற் புகைப்படத்துக்கு நிற்க அவை வேண்டுமல்லவா! வெயிலிற் பொலிந்த இத்தாலிய வீரருக்கு அருகே, வெளிறிய மேனியும் பல்லில்லா வாயுமாக அவர்கள் வரிசையில் நின்றபோது, பேர்ட்டி ஓல்ட் கழகத்தின் பாட்டைத் தொடங்கினார். மற்றையோரும் உரத்துப் பாடினர். எதிரணியினர் திகைத்து நோக்கினர்.

ஏழாவது நிமிடத்தில் மசோலா தண்ட உதையால் இன்டருக்கு ஒரு கோலைப் பெற்றார். தாழ் விழுந்தது. அதன்பின் நடந்தது முற்றுகை. ஓல்ட்டின் பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் தெறித்தது. ஜெமெலின் பந்தும் அவ்வாறே. சார்ட்டி என்ற இத்தாலியப் பந்துக் காப்பாளர் அன்று அற்புதங்கள் புரிந்தார். கோல் விழாத ஒவ்வொரு நிமிடமும் மனத்தைத் தளரச் செய்யும். ஆனால் அவர்கள் தளரவில்லை. தம் முறையை மாற்றவும் இல்லை. 63ஆவது நிமிடத்தில், பின்கள வீரர் கிரெய்க் தட்டிக் கொடுத்த பந்தை மற்றொரு பின்கள வீரராகிய டொமி ஜெமெல் ஓடிவந்து வலைக்குட் செலுத்தினார். காக்க வேண்டியவர் இருவர் தாக்கச் சென்றமையே அன்றைய ஆட்டத்தின் தத்துவம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பொபி மேர்டொக் அடித்த பந்தை ஸ்டீவி சாமர்ஸ் திருப்பிவிட, இரண்டாவது கோலும் விழுந்தது. இரண்டுக்கு ஒன்று. கிண்ணம் முதன்முறையாக வடக்கே சென்றது.

அன்று ஆயிரக்கணக்கான இரசிகர் கிளாஸ்கோவிலிருந்து லிஸ்பன் வந்திருந்தனர். பழைய கார்களிற் பல நாள் பயணம் செய்து வந்தோர் பலர். தன் ஊரைத் தாண்டி அறியாதவன் ஐரோப்பாவின் குறுக்கே வண்டி ஓட்டி வந்தான். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் மைதானத்தை நிறைத்தனர். சிலர் புற்கரணையைப் பெயர்த்து எடுத்தனர். கூட்டத்தின் நெருக்கத்தால் மற்ற வீரர் மேடையை அணுக இயலாதுபோக, அணித்தலைவர் மக்நீல் மட்டும் தனியே ஏறிக் கிண்ணத்தை உயர்த்தினார். ஓர் இரசிகன் களிப்பு மிகுதியால் விமானத்தில் ஊர் திரும்பி, வீடு சேர்ந்தபின்னரே தான் காரில் லிஸ்பன் சென்றதை நினைவுகூர்ந்தான் என்றொரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அது இன்றும் சொல்லப்படுவதே அந்நாளின் களிப்பைக் காட்டும்.

லிவர்பூல் கழகத்தின் முகாமையாளர் பில் ஷாங்லி உடைமாற்றும் அறைக்கு வந்து, இனி உமக்குச் சாவில்லை என்ற கருத்துப்பட ஸ்டீனிடம் கூறினார். அன்று முதல் அப்பதினொருவரும் 'லிஸ்பன் சிங்கங்கள்' எனப்பட்டனர்.

இவ்வீரத்திற் பார்வையாளனுக்குப் பங்கு உண்டோ? மேலோட்டமாக நோக்கின் இல்லை. ஆனால் அப்பதினொருவரையும் நோக்குங்கள். தெருவிற் பந்து உதைத்த பிள்ளைகள். சுரங்கத்தினதும் ஆலையினதும் மக்கள். பார்வையாளனின் அண்டை வீட்டார். ஒரு சமூகம் தன்னுள்ளிருந்தே பதினொருவரைத் தேர்ந்து அனுப்பியது எனலாம். அவ்வாறிருக்க, "நாங்கள் வென்றோம்" என்று அவன் கூறுவது இரவல் வாங்கிய சொல் ஆகாது.

புகழும் அதன் நிழலும்

நான்காவது களமாகிய இசைமை இரு முனையும் கூரிய வாள். புகழினாற் பிறக்கும் பெருமிதம் சிறிது வழுவினாற் செருக்காகும். செருக்குக்குப் பகைவன் ஒருவன் வேண்டும்.

கிளாஸ்கோவில் அப்பகை எளிதிற் கிடைத்தது. செல்டிக் கத்தோலிக்கரின் கழகம் என்றும், ரேஞ்சர்ஸ் புரட்டஸ்தாந்தரின் கழகம் என்றும் நகரம் பிளவுண்டது. செல்டிக் தன் அணியிற் பிற மதத்தவரைச் சேர்க்கத் தயங்கியதில்லை. ஸ்டீனே அதற்குச் சான்று. ரேஞ்சர்ஸோ பல தசாப்தங்களாகக் கத்தோலிக்கரை வெளிப்படையாக ஒப்பந்தம் செய்யாதிருந்து, 1989இலேதான் மோ ஜோன்ஸ்டனைச் சேர்த்து அவ்வழக்கத்தை முறித்தது. ஆயினும் இதனைக் காட்டிச் செல்டிக் இரசிகன் தன்னைத் தூயவன் என்று கூறிக்கொள்ளல் இயலாது. வெறுப்பைக் கக்கும் பாட்டுக்கள் இரு தரப்பினரிடமும் இருந்தன. 1980ஆம் ஆண்டுக் கிண்ண இறுதியாட்டத்தின் முடிவில் இரு தரப்பினரும் மைதானத்துட் புகுந்து கைகலந்தனர்; குதிரைப்படைப் பொலிசார் வந்தே பிரிக்க வேண்டியிருந்தது. பசியால் வந்த மக்களின் பெருமிதமும் செருக்காகத் திரியலாம் என்பதற்கு அந்நாள் சான்று.

இதற்கு மாறான நாளும் உண்டு. 1931 செப்டெம்பர் 5ஆந் திகதி ரேஞ்சர்ஸின் மைதானத்தில் இரு கழகங்களும் மோதின. செல்டிக்கின் பந்துக் காப்பாளர் ஜோன் தொம்சனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அவரும் புரட்டஸ்தாந்து மதத்தினரே. எதிரணி வீரர் சாம் இங்கிலிஷின் காலடியிற் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது அவர் தலையில் அடிபட்டது. நடந்தது அறியாத ரேஞ்சர்ஸ் இரசிகர் ஆரவாரித்தபோது, அக்கழகத்தின் தலைவர் மெய்க்கில்ஜோன் கையை உயர்த்தினார். அரங்கு முழுதும் அடங்கியது. அன்றிரவே தொம்சன் மருத்துவமனையில் இறந்தார். அவருடைய ஊர் ஃபைஃப் மாவட்டத்தில், கிளாஸ்கோவிலிருந்து 50 மைலுக்கு அப்பால் இருந்தது. வேலையின்மை நாட்டை வாட்டிய காலம் அது. வண்டிக் காசில்லாத பலர் இறுதிச் சடங்குக்கு நடந்தே சென்றனர். இரவை வெட்டவெளியிற் கழித்தனர். உதைபந்தாட்டம் ஏழைகளுக்கு ஊட்டும் மயக்க மருந்து என்று கூறும் விமர்சகர், அந்நடைப் பயணத்துக்கு என்ன பொருள் கூறுவர்? மயக்கத்திற் கிடப்பவன் பிறன் ஒருவனின் சவத்துக்காக 50 மைல் நடப்பதில்லை.

தோல்வியிலும் இசைமை உண்டு என்பதைப் பிற்காலத்து நிகழ்ச்சி ஒன்று காட்டியது. 2003 மே மாதத்தில் ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரில் செல்டிக் ஐரோப்பாவின் இரண்டாந்தரக் கிண்ணத்துக்கு ஆடியது. ஏறத்தாழ 80,000 இரசிகர் அந்நகருக்குச் சென்றனர் என்பது கணக்கு. அவர்களுட் பெரும்பாலாரிடம் அரங்கினுள் நுழையச் சீட்டில்லை. லார்சன் தலையால் இருமுறை கோலடித்தும், மேலதிக நேரத்திற் போர்த்தோ அணி மூன்றுக்கு இரண்டு என வென்றது. அத்துணைப் பெருங்கூட்டம் தோல்வியைச் சுமந்துகொண்டு அமைதியாகக் கலைந்தது. அவ்வாண்டு சர்வதேச உதைபந்தாட்ட சம்மேளனம் நல்லொழுக்க விருதைச் செல்டிக் இரசிகருக்கே வழங்கியது. வீரருக்கு அன்று, இரசிகருக்கு.

இரசிகனின் கடன்

வெற்றிகளின் கணக்கு நீளமானது. 2012 முதல் 2020 வரை மீண்டும் தொடர்ந்து ஒன்பது சம்பியன் பட்டங்கள். 2025இல் வென்றது 55ஆவது. ஆனால் 2012இல் ரேஞ்சர்ஸ் பணநெருக்கடியால் வீழ்ந்து கடைசித் தரத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே இக்கணக்கைப் படித்தல் நேர்மை. தொலைக்காட்சிப் பணம் இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் குவிந்த இக்காலத்தில், 30 மைல் வட்டத்துட் பிறந்த பதினொருவர் ஐரோப்பாவை வெல்லுதல் இனிக் கூடுமென்று எவரும் நம்புவதில்லை. செல்டிக்கிலும் பல நாட்டவர் ஆடுகின்றனர். 2021இல் ஜப்பானிலிருந்து வந்த கியோகோ ஃபுருஹாஷியைக் கிளாஸ்கோ மக்கள் தம் பிள்ளையாகவே கொண்டாடினர். பிறப்பினால் வந்த உறவு போய், வரித்துக்கொண்ட உறவு அதனிடத்தைப் பெற்றது. புகலிடம் தேடி வந்தோர் கட்டிய கழகத்துக்கு இதுவே பொருத்தமும் ஆகும்.

இரசிகனுடைய உரிமை உண்மையிற் சோதிக்கப்பட்டது வெற்றி நாளிலன்று, 1994இல். கழகம் கடனில் மூழ்கி, வங்கி கதவை அடைக்க இருந்த வேளை. கனடாவிற் செல்வம் ஈட்டிய பழைய இரசிகர் பேர்கஸ் மக்கான் அதனைப் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு பொதுமக்களுக்குப் பங்குகள் விற்கப்பட்டன. பதினாயிரத்துக்கு மேற்பட்ட இரசிகர் தம் சேமிப்பைக் கொடுத்தனர். இலாபம் கருதி அல்ல; அப்பத்திரத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவைத்தோர் பலர். அப்பணத்தால் 60,000 பேர் அமரும் அரங்கு எழுந்தது. கழகத்தின் தரும நிதியும் அக்காலத்திலேயே மீண்டும் நிறுவப்பட்டது. தாத்தா மண் சுமந்து கொடுத்ததைப் பேரன் பணமாகக் கொடுத்தான் என்று சொன்னாற் பிழையாகாது.

இரசிகனின் குறையையும் மறைப்பது முறையன்று. 1998இற் சம்பியன் கொடியை ஏற்ற வந்த அதே மக்கானை, கையிறுக்கக்காரர் என்று கூட்டம் கூக்குரலிட்டு அவமதித்தது. கழகத்தைக் காத்தவருக்குக் கிடைத்த சன்மானம் அது. பதினாறு ஆண்டுகளின் பின், 2014இல் மீண்டும் கொடியேற்ற அவர் அழைக்கப்பட்டபோது, அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. நன்றியறிதல் இரசிகனுக்குத் தாமதமாக வரலாம், ஆனால் வரும்.

ஜொக் ஸ்டீன் 1985 செப்டெம்பர் 10ஆந் திகதி, ஸ்கொட்லாந்து தேசிய அணியின் முகாமையாளராகக் கார்டிஃப் நகரில் ஓர் ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தபோது மைதானத்தோரத்திலேயே மயங்கி வீழ்ந்து உயிர்நீத்தார். ஜோன்ஸ்டன் கொடிய நரம்பு நோயுடன் போராடி 2006இல் மறைந்தார். மக்நீலும் சாமர்ஸும் 2019 ஏப்ரலில், ஒரு வார இடைவெளியிற் காலமாயினர். அரங்கின் வாயிலில் நிற்கும் சிலைகளின் அடியிற் பச்சை வெள்ளைக் கழுத்துத் துணிகள் மலைபோற் குவிந்தன. அங்கு துணி வைத்தவர்களிற் பலர் 1967இற் பிறக்கவும் இல்லை. தாம் காணாத ஆட்டத்தைத் தந்தை சொல்லக் கேட்டு, அதனைத் தம் நினைவாகவே ஏற்றவர்கள் அவர்கள்.

இப்போது நாம் எழுப்பிய வினாவுக்கு விடை கூறலாம். பெருமிதத்தின் நான்கு களங்களுள் கல்வி ஸ்டீனுடையது; தறுகண் லிஸ்பனில் ஆடிய பதினொருவருடையது; இசைமை இரு சாராருக்கும் பொது; கொடையோ தொடக்கமுதல் இரசிகனுடையதே. காசு கொடுத்தான், உழைப்புக் கொடுத்தான், சேமிப்பைக் கொடுத்தான், தன் நினைவை மகனுக்குக் கொடுத்தான். கொடுத்தவன் பெருமிதம் கொள்ளுதல் இலக்கணத்துக்கு இயைந்ததே. கொடுக்காமல் வெற்றியை மட்டும் தனதென்று கூறுவோனும், பகைவனை இகழ்வதையே பெருமையெனக் கொள்வோனும் அவ்வுரிமையை இழந்தவராவர்.

செல்டிக் அரங்கின் முகப்பில் 2005ஆம் ஆண்டு முதல் சகோதரர் வோல்ஃப்ரிட்டின் சிலை இருக்கிறது. கிண்ணமேந்திய மக்நீலின் சிலையும், பந்துடன் நெளிந்தோடும் ஜோன்ஸ்டனின் சிலையும் அருகே உள்ளன. உதைபந்தாட்ட வீரருக்கு இடையே ஒரு பள்ளி ஆசிரியர் துறவியின் அங்கியுடன் அமர்ந்திருப்பதை அயலூரார் கண்டு வியக்கக்கூடும். ஆனால் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு முதன்முறை ஆட்டம் பார்க்க வரும் சிறுவனுக்குச் சொல்லவேண்டிய கதை அச்சிலையிலிருந்தே தொடங்குகிறது: ஒரு காலத்தில் இங்கே பிள்ளைகள் பசியோடு பள்ளிக்குப் போனார்கள்.